நீர் பிரியாத கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெஞ்சில் கிடைத்தது. ஃபிஜித் தீவில், லபாசா ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் காத்திருக்கும் மர பெஞ்சு. நான் சர்க்கரைக்குப் பார்க்கப் போயிருந்தேன். என் முறை வருவதற்குள் பலமுறை எழுந்து கழிப்பறைக்குப் போனேன். போன ஒவ்வொரு முறையும் பாதி வேலையோடுதான் திரும்பினேன். பக்கத்தில் கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்திருந்த ஆள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில், முகத்தை என் பக்கம் திருப்பாமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"வாத்தியார், உங்களுக்கும் சரியாப் பிரியலையா?"

இத்தனை வருட வாத்தியார் வேலையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சர்க்கரை நரம்பைத் தின்றால் அப்படி ஆகும் என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார், நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அந்த ஆளிடம் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார். என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்; எனக்குக் காதில் விழவில்லை.

எழுதலாமா என்று கேட்டேன். 

"எழுதுங்க. ஆனா உங்க பாஷையில எழுதுங்க. எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் அது படிக்க வராது."

ஆகவே வாசகரே, இது தமிழில் இருப்பதற்குக் காரணம் என் தமிழ்ப்பற்று அல்ல. அவருடைய கூச்சம். பெயரையும் மாற்றச் சொன்னார். கித்தியோனே என்று வைத்திருக்கிறேன். நாலோமா என்ற ஊரும் கிடையாது. தேடிக்கொண்டு புவா கடற்கரைப் பக்கம் படகு ஏறவேண்டாம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

*கடல் அன்று கண்ணாடி விரித்ததுபோல் கிடந்தது. கித்தியோனே மூச்சை நிறைத்துக்கொண்டு அந்தப் பச்சைக்குள்…*

[நிறுத்திவிட்டேன். கடலை எழுதுவது சுலபம். அழகாகவும் வரும். ஆனால் இவருடைய கதை கடலில் இல்லை, இடுப்புக்குக் கீழே இருக்கிறது. நான் பயந்துபோய்க் கடலுக்குள் ஒளிந்துகொண்டேன்.]

இரண்டாவது:

*மூளையிலிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடம் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையை…*

[ஏழாம் வகுப்புப் பாடம். அடித்தாயிற்று.]

மூன்றாவதில் ஒரு சொல்லிலேயே வண்டி நின்றுவிட்டது. எந்தச் சொல்லைப் போடுவது? 'சிறுநீர்' என்றால் பரிசோதனைச் சீட்டின் வாடை அடிக்கிறது. 'மூத்திரம்' என்றால் யாரோ யாரையோ திட்டுவது போலிருக்கிறது. 'ஒண்ணுக்கு' என்றால் நாற்பது வயது மனிதர் வகுப்பறையில் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது. யோசித்துக்கொண்டிருந்தபோது நம்மிடம் இருக்கும் இன்னொன்று நினைவுக்கு வந்தது: நீர் பிரிதல். அதில் மனிதன் எதுவும் செய்வதில்லை. நீர்தான் சொல்லிக்கொண்டு கிளம்புகிறது, விருந்தாளி மாதிரி. கித்தியோனேயின் கஷ்டத்தை அந்தச் சொல்லை வைத்தே சொல்லிவிடலாம். அது பிரி என்றால் பிரியாது. பிரியும்போது சொல்லிக்கொள்ளாது.

சரி, இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

3

கித்தியோனே கடல் அட்டை எடுக்க முக்குளிப்பவன். (பெஞ்சில் 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டான். மரியாதைக் குறைவில்லை, நெருக்கம்.) பக்கத்து ஊர் அபோரோசாவின் படகு. படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து கீழே போகும் நீளமான காற்றுக் குழாய், அதன் முனை பல்லுக்கு நடுவே. ஆழமில்லாத மேட்டில் இருந்த அட்டைகள் தீர்ந்துபோய் வருடக்கணக்காகியிருந்தது. இன்னும் ஆழம், இன்னும் நேரம் என்று போனார்கள். ஒருநாள் கம்ப்ரசர் நின்றது. எண்ணெய் மாற்றவேண்டும் என்று அவன் அபோரோசாவிடம் முன்பே சொல்லியிருந்தான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அபோரோசா சொல்லியிருந்தான். காற்று நின்றதும் கித்தியோனே நேரே மேலே வந்தான். அவ்வளவு ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது. இரத்தத்தில் கரைந்திருந்த காற்று, சோடா புட்டி திறந்ததுபோல் பொங்கிவிடும்.

படகில் ஏறி உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தான். அது முடிவதற்குள் கால் இரண்டும் இல்லை.

தலைநகர் சுவாவில் காற்றழுத்தச் சிகிச்சை அறைக்குள் கிடத்தினார்கள். மாதக்கணக்கில் மறுவாழ்வு மருத்துவமனை. இடது கால் முழுசாகவும் வலது கால் முக்கால்வாசியும் திரும்பி வந்தன. கைத்தடியோடு நடந்து ஊருக்கு வந்து இறங்கியபோது நாலோமாவே கரைக்கு வந்து பாடியது. போதகர் அழுதார். மனைவி லொசேனா பூமாலை போட்டாள். அவர்களைப் பொறுத்தவரை கதை அங்கே சுபமாக முடிந்துவிட்டது.

திரும்பி வராத ஒன்றை யாரும் பார்க்க முடியாது. அவனும் சொல்லவில்லை.

சுவாவில் ஒரு மெல்லிய குழாயைத் தானே உள்ளே செலுத்தி நீரை வடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு. அங்கே செய்தான். அங்கே வார்டில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். ஊரில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தைத் தாண்டி. தாழ்ப்பாள் கிடையாது, தாழ்ப்பாள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் கிடையாது. உள்ளே கால் மணி நேரம் உட்கார்ந்தால் வெளியிலிருந்து யாராவது நலம் விசாரிப்பார்கள். இரண்டே வாரத்தில் குழாய்ப் பொட்டலத்தைக் கூரை இடுக்கில் செருகிவிட்டான். லொசேனாவிடம், அதெல்லாம் தேவையில்லை, சரியாகிவிட்டது என்று சொன்னான்.

சரியாகவில்லை. பை நிரம்பினால் நிரம்பியது தெரியாது. வலது தொடையில் ஒரு சிலிர்ப்பு ஓடும், அவ்வளவுதான். சுதாரிப்பதற்குள் இடுப்பில் கட்டிய சுலு வேட்டி நனைந்திருக்கும். கொஞ்சம் போய்விட்டு நின்றுவிடும். மிச்சம் உள்ளேயே கிடக்கும். அவனுக்குத் தோன்றிய வைத்தியம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இரண்டு சுலுவை ஒன்றின்மேல் ஒன்று கட்டினான். சமையல் கொட்டகையில் தனியாகப் படுத்தான். விடிந்ததும் யாரும் எழுவதற்கு முன் கட்டிய துணியோடு கடலில் இறங்கிக் கழுத்தளவு நின்றான். ஈரத்தை ஈரத்துக்குள் ஒளித்தான்.

ஊர் அதைப் பார்த்தது. கடல் கொடுத்த உயிருக்குக் கடலிலேயே நின்று ஜெபிக்கிறான் என்று முடிவு கட்டியது. ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். பிரசங்கம் நடக்கும்போது அவனுடைய தொடையில் சிலிர்ப்பு ஓடியது. அதற்குப் பிறகு அவன் கோயிலுக்கும் போகவில்லை.

4

லொசேனாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது.

என் முதல் வரைவில் அவள் உண்மை தெரிந்ததும் கணவனின் தலையை மடியில் வைத்து அழுதாள். ஒரு பக்கம் முழுக்க அழுதாள். அடுத்த முறை அதே பெஞ்சில் சந்தித்தபோது அதை ஃபிஜி மொழியில் அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது.

"இது யாரு? உங்க வீட்டம்மாவா?"

ஆகவே அந்தப் பக்கம் போயிற்று. நடந்தது வேறு.

லொசேனாவுக்குச் சுவாவில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சந்தேகம். நர்ஸாக இருக்கவேண்டும். தள்ளிப் படுப்பது, முகத்தைப் பார்த்துப் பேசாதது, விடிகாலையில் குளிப்பது: எதைக் கூட்டினாலும் நர்ஸ்தான் வந்தாள். இரண்டு மாதம் பொறுத்தாள். ஒரு விடிகாலையில் அவனுக்கு முன்பே கரைக்குப் போய், கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவன் தடியை ஊன்றித் தண்ணீரை நோக்கி வந்தபோது எழுந்து வழி மறித்தாள்.

"அவ பேரு என்ன?"

"எவ பேரு?"

"கித்தி, என் பொறுமையச் சோதிக்காத. நீ என்கிட்ட வந்து படுத்து எத்தன நாளாச்சு? அவ பேரச் சொல்லு. நான் அழமாட்டேன். படகு பிடிச்சு சுவாவுக்குப் போய் அவளப் பாத்துட்டு வந்துருவேன்."

அவன் விலகிப் போகப் பார்த்தான். அவள் சுலுவைப் பிடித்து இழுத்தாள். கை ஈரமானது. கடல் இன்னும் பத்தடி தூரத்தில் இருந்தது.

அவள் கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நிறுத்த முடியாத சிரிப்பு, மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதானா? இவ்வளவுதானா? நான் ரெண்டு மாசமா சோறு எறங்காம…"

[இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லையாம். நானும் முடிக்கவில்லை.]

அவளுக்கு அது நிம்மதி. அவனுக்கு அது அவன் பயந்துகொண்டிருந்த சிரிப்பேதான், வேறெந்த வாயிலிருந்து வந்தாலும் தாங்கியிருப்பான். அவளைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் இறங்கினான். அன்றும் மறுநாளும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேச முடியவில்லை: உடம்பு நெருப்பாகக் கொதித்தது, விலாவுக்குப் பின்னால் குத்தியது, பல் கிட்டியது.

(வாசகருக்கு ஒரு வார்த்தை. சிரித்ததற்காக லொசேனாவை நீங்கள் வெறுக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். காய்ச்சல் கண்டவனைப் படகில் படுக்கவைத்து, தலையில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே லபாசா வரை வந்தவள் அவள்தான். கிளம்புமுன் கூரை இடுக்கிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டவளும் அவள்தான். அது அங்கே இருந்தது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்; என்னவென்றுதான் தெரியாது.)

5

வார்டில் சிஸ்டர் வசேமத்தா. கண்டிப்பான பெண்மணி. ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கிய பிறகு, கட்டிலின் ஒரு பக்கம் லொசேனாவை நிறுத்தி, இன்னொரு பக்கம் தான் நின்று பேசினாள். தேங்கிய நீர் கெட்டுப்போய் மேலே ஏறி இருக்கிறது, இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் சிறுநீரகம் ஒன்று போயிருக்கும் என்றாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

லொசேனா கேள்விமேல் கேள்வி கேட்டாள். அவன் சுவாவில் மாதக்கணக்கில் படுத்திருந்தும் கேட்காத கேள்விகள். நிரம்பினது ஏன் தெரியலை? பாதியில் ஏன் நிக்குது? தண்ணி குடிக்காம இருந்தா நல்லதுதானே?

சிஸ்டர் அவனைப் பார்த்தே பதில் சொன்னாள். கீழே இருக்கும்போது ஏதாவது வேண்டுமானால் கயிற்றை இழுப்பீர்கள் இல்லையா என்று கேட்டாள். இழுப்போம் என்றான். மேலே கயிற்றைப் பிடிக்க ஆளில்லாவிட்டால்? உன் பை நிரம்பியதும் கயிற்றை இழுக்கத்தான் செய்கிறது. முதுகில் நரம்பு அறுந்ததால் மேலே தெரிவதில்லை. தெரியாததால் பை தன் இஷ்டத்துக்கு அமுக்குகிறது. அதே நேரத்தில் வாசல் கதவும் தன் இஷ்டத்துக்கு மூடிக்கொள்கிறது. கொஞ்சம் சிந்துகிறது, மிச்சம் தேங்குகிறது. தண்ணீரைக் குறைத்தால் தேங்குவது இன்னும் கெட்டியாகும். குடி, அளவாகக் குடி, நேரத்துக்கு வடித்துவிடு. நீ வடித்தால் அது சிந்தாது.

அவன் முதல்முறையாகத் தானாக வாய் திறந்தான். குழாயை உள்ளே விட்டுக்கொண்டு வாழ்வதெல்லாம் ஒரு ஆம்பளைக்கு வாழ்க்கையா என்று கேட்டான்.

"தம்பி, கடலுக்குள்ள எத்தன வருஷம் ஒரு குழாய வாயில வெச்சுக்கிட்டு இருந்த? வெக்கமா இருந்துச்சா?"

"அது காத்து. அது இல்லாட்டி செத்துருவேன்."

"இதுவும் அப்படித்தான். கொஞ்சம் மெதுவா, அவ்வளவுதான்."

[இந்த உரையாடலை நான் மெருகேற்றியிருக்கிறேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நல்ல வசனத்தை எல்லாம் சிஸ்டரே பேசிவிட்டாள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை.]

மறுபடி கற்றுக்கொண்டான். பையின் துள்ளலை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வாய் வறண்டது, மலம் இறுகியது, அதற்குப் பப்பாளி தின்றான். நீர் கலங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் காரணமில்லாமல் துள்ளினாலோ படகேற வேண்டும் என்று தெரிந்துகொண்டான். ஊருக்குத் திரும்பியதும் லொசேனா தன் கையால் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் அடித்தாள். உள்ளே பலகையில் சோப்பும் மூடிபோட்ட வாளியில் தண்ணீரும் வைத்தாள். ஊர் கேட்டதற்கு, பன்றி புகுந்துவிடுகிறது என்றாள். அவன் சமையல் கொட்டகையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். எல்லா நாளும் காய்ந்த நாளாக இருக்கவில்லை. நனைந்த நாளில் அவளே சுலுவை அலசிப் போட்டாள், ஏதாவது கேலியும் பேசினாள், அவனும் திருப்பிப் பேசக் கற்றுக்கொண்டான்.

ஆனால் ஊர் நடுவே, யாங்கோனா கிண்ணம் சுற்றிவரும் பாயில் மட்டும் அவன் உட்காரவில்லை. சம்மணம் போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்து, வேர்ச்சாற்றைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும் இடம் அது. நடுவில் எழுவது மரியாதையில்லை.

6

அப்போதுதான் அபோரோசா மன்னிப்புக் கேட்க வருவதாகச் செய்தி அனுப்பினான்.

அங்கே மன்னிப்பு வாயால் மட்டும் கேட்பதல்ல. உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, பாயும் யாங்கோனா வேரும் கொண்டுவந்து, திமிங்கலப் பல் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்தி, தலை குனிந்து உட்காரவேண்டும். எதிரே இருப்பவர் தொட்டு வாங்கினால் பகை புதைந்தது. வாங்காவிட்டால் ஏந்தியவன் ஏந்தியபடியே இருக்கவேண்டியதுதான்.

கித்தியோனே போகாமல் இருந்துவிடப் பார்த்தான். அண்ணன் வைசாலே விடவில்லை. அடிபட்டவன் இல்லாமல் யாரிடம் மன்னிப்பு என்றார். லொசேனா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவனுக்கு முன்னால நனைஞ்சிருமோன்னு பயப்படறியா, இல்ல மன்னிச்சிருவோமோன்னு பயப்படறியா?"

 பெஞ்சில் என்னிடம், இரண்டும்தான் என்றார்.

காலையில் வருவதாகச் சொன்னவர்கள் கடல் வற்றியிருந்ததால் மத்தியானத்துக்குமேல்தான் ஊர்க் கூடத்துக்கு வந்தார்கள். கித்தியோனே காலைக்குக் கணக்குப் பண்ணி வடித்திருந்தான். வந்தவர்களை வரவேற்கக் கிண்ணம் வந்தது, மறுக்க முடியாது, குடித்தான். மறுபடி வந்தது. அவர்கள் தரப்பில் ஒருவர் பேச ஆரம்பித்தார். வம்சம், கடல், கடவுள் என்று பேச்சு நீண்டது. அபோரோசா முன்னால் நகர்ந்து திமிங்கலப் பல்லை ஏந்தினான். அவன் இளைத்துப்போயிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கித்தியோனேயின் தொடையில் சிலிர்ப்பு ஓடியது.

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் யோசித்துவைத்திருந்தேன்.

முதல் முடிவு: அவன் அசையாமல் இருக்கிறான். பாய் நனைகிறது. அபோரோசா பார்த்துவிடுகிறான், அழுகிறான். [கொடுமை. அபோரோசா அழுவதற்காக நான் ஏன் இவனை நனைக்கவேண்டும்?]

இரண்டாவது: அவன் அவசர அவசரமாகப் பல்லை வாங்கிக்கொண்டு வெளியே ஓடுகிறான். பை மன்னித்துவிடுகிறது, மனம்… [மேலே எழுத வெட்கமாக இருந்தது.]

மூன்றாவதை எழுதுமுன் அவரிடமே கேட்டேன். நடந்ததைச் சொன்னார். அதை அப்படியே வைக்கிறேன்.

கித்தியோனே தடியை ஊன்றி எழுந்தான். வைசாலே அவன் சுலுவின் ஓரத்தைப் பிடித்து, உக்காருடா என்றார், உதடு அசையாமல். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பேசிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். இவன் பல்லை மறுத்துவிட்டு வெளியேறுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அபோரோசாவின் தோள் அப்படியே இறங்கியது.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போகலை," என்றான் கித்தியோனே. "எனக்கு ஒண்ணுக்குப் போகணும். உங்கள மாதிரி போக முடியாது. முதுகுல நரம்பு போனதுல அதுவும் போச்சு. குழாய் விட்டுத்தான் எடுக்கணும், நேரமாகும். கடல்ல நின்னு நான் ஜெபம் பண்ணலை. நனைஞ்சத மறைச்சேன். போயிட்டு வர்றேன். அதுவரைக்கும் இருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் அசைந்தவர் போதகர்; கால்களை மடக்கிக்கொண்டு அவனுக்கு வழி விட்டார். அடுத்து உட்கார்ந்திருந்தவர்களும் ஒவ்வொருவராக மடக்கிக்கொண்டார்கள். அவன் குனிந்து, அவர்கள் வழக்கப்படி மெல்ல வழி கேட்டுக்கொண்டே, தடியூன்றி நடுவால் நடந்து வெளியே போனான்.

தன் வீட்டுக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்படாமல் செய்தான் என்றார். வெளியே யாரும் நலம் விசாரிக்கவில்லை, எல்லாருக்கும் தெரியுமே.

கதவைத் திறந்தபோது பலாமரத்தடியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வந்தவர்களில் ஒருவன், அபோரோசாவின் தங்கை புருஷன் தொமாசி. அதே படகில் முக்குளித்தவன், கால் லேசாக இழுக்கும். கூட்டத்தில் சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்," என்றான். (அவர்கள் மொழியிலும் அதற்கொரு சொல் உண்டு, முறையும் கேலியும் நம்முடையதேதான்.)  "அந்தக் குழாய் எங்க கெடைக்கும்?"

கித்தியோனே அவனுடைய சுலுவைப் பார்த்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

"எவ்வளவு நாளா?"

"உனக்கு முன்னாலேர்ந்து."

7

உள்ளே நாற்பது பேர் பாயில் காத்திருக்கிறார்கள். வைசாலே வாசலைப் பார்த்தபடி இருக்கிறார். அபோரோசா பல்லைக் கீழே வைக்கவில்லை, வைக்கக்கூடாது. கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் முழங்கையைத் தாங்கிக்கொடுக்கப் பார்க்கிறார், அவன் வேண்டாம் என்று தலையசைக்கிறான்.

கித்தியோனே போய் அதை வாங்கினானா, இல்லையா? எனக்குத் தெரியும். அவர் சொன்னார். சொல்லிவிட்டு, இதை மட்டும் எழுதவேண்டாம், அது நாலோமாவுக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ளது என்றார். நான் ஒத்துக்கொண்டேன். நீங்கள் வேண்டுமானால் அவனை வாங்கவைக்கலாம். ஒரு மனிதனின் கை எவ்வளவு நேரம் நடுங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதைப் பொறுத்தது. எண்ணெய் மாற்றாத கம்ப்ரசரை நினைத்தால் மறுக்கவும் வைக்கலாம். எதைச் செய்தாலும் நான் குறுக்கே வரமாட்டேன்.

ஆனால் அவனை உடனே உள்ளே கூப்பிடாதீர்கள். பலாமரத்தடியில் அவன் தடியைச் சாய்த்து வைத்துவிட்டான். தொமாசியின் கையைப் பிடித்துத் திருப்பி, விரலிடுக்குவரை சோப்புப் போடவேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கிறான். லொசேனா வாளியில் புதுத் தண்ணீர் கொண்டுவருகிறாள்.